மலை இறக்கத்தில் டிரெய்லர் பிரேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வண்டி எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கேம்பர், டீக்கடை வண்டி, ஜெனரேட்டர், காய்கறி ஏற்றும் சின்னத் தொட்டி என்று எதையாவது ஜீப்பிலோ பிக்கப்பிலோ மாட்டிக்கொண்டு மலை ஏறி வருபவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஏறி வந்த பிறகுதான் இறங்குவதைப் பற்றிய யோசனையே பலருக்கு வருகிறது. முடிந்தால் அடிவாரத்திலேயே படித்துவிடுங்கள்.

என் டிரெய்லரில் எந்த வகைப் பிரேக் இருக்கிறது? எப்படித் தெரிந்துகொள்வது?

கொக்கிப் பக்கம் குனிந்து பாருங்கள். கொக்கியின் தண்டு முன்னும் பின்னும் நகர்கிற மாதிரி ஸ்பிரிங்கோடு இருந்து, அதிலிருந்து கம்பியோ ஆயில் குழாயோ சக்கரத்துக்குப் போனால் அது ஓவர்ரன் பிரேக். டிரெய்லர் முன்னால் முட்டுகிற வேகத்தில் தானே பிடிக்கும், கன்ட்ரோலர் (டிரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்பும் பெட்டி) தேவையில்லை. சக்கரத்தின் பின்தட்டுக்கு இரண்டு ஒயர் போனால் எலெக்ட்ரிக் பிரேக். அதற்குத்தான் டிரைவர் பக்கத்தில் கன்ட்ரோலர் வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் உங்கள் டிரெய்லரில் பிரேக்கே இல்லை. நம் ஊரில் செய்து விற்கும் சின்ன டிரெய்லர்களில் இதுதான் சகஜம்.

டிரெய்லர் சின்னதுதான். காரின் பிரேக்கே போதாதா?

சமவெளியில் காலி டிரெய்லருக்குச் சமாளிக்கலாம். மலையில் கணக்கு வேறு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 3 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,900 மீட்டர் கீழே இறங்கும்போது அந்த எடை வெளிவிடும் சக்தி ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? கொஞ்சம் காற்றுத் தடையிலும் டயரிலும் போகும், எஞ்சினை விட்டால் எஞ்சினில் போகும், மிச்சம் முழுவதும் பிரேக் டிரம்மிலும் டிஸ்க்கிலும் சூடாக இறங்கும். காரைச் செய்த கம்பெனி காரின் எடைக்குத்தான் பிரேக் வைத்திருக்கிறது, பின்னால் வரும் ஒரு டன்னுக்கு அல்ல.

நம் மலை ரயிலைப் பாருங்கள். 1899-இல் மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு ஓட ஆரம்பித்தது. கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி என்கிற அளவில் ஏற்றம், நடுவில் பல்சக்கரத் தண்டவாளம். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். அப்படியும் எஞ்சினின் பிரேக்கை மட்டும் நம்பி இறக்குவதில்லை, பெட்டிகளிலும் பிரேக்மேன்கள் நின்று பிரேக் பிடிக்கிறார்கள். இழுபடுகிற பெட்டியும் தன் எடையைத் தானே பிடிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்திலேயே முடிவான விஷயம்.

கன்ட்ரோலர் உண்மையில் என்ன செய்கிறது?

நீங்கள் பிரேக் மிதித்ததும் டிரெய்லர் சக்கரத்தில் இருக்கும் காந்தங்களுக்குக் கரண்ட் அனுப்புகிறது. காந்தம் சுற்றும் டிரம்மோடு ஒட்டி இழுபடும், அந்த இழுப்பில் ஒரு நெம்பு நகர்ந்து பிரேக் ஷூவை விரிக்கும். ஒரு காந்தம் தோராயமாக 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்திலும் பிரேக் இருந்தால் 12 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கரண்ட் என்பதை எப்படி முடிவு செய்கிறது என்பதில் இரண்டு வகை உண்டு. நேரக்கணக்கு வகைக்கு நீங்கள் லேசாகத் தொட்டீர்களா, ஓங்கி மிதித்தீர்களா என்று தெரியாது. பிரேக் லைட் எரிந்தால் போதும், நீங்கள் வைத்த அளவு வரை கரண்டை ஏற்றிவிடும். விகித வகைக்கு உள்ளே சென்சார் இருக்கும், வண்டி எந்த அளவுக்கு வேகம் குறைகிறதோ அந்த அளவுக்கு மட்டும் கொடுக்கும். மலைக்கு இரண்டாவதுதான். காட் ரோட்டில் நூறு முறை பிரேக்கைத் தொடுவோம். ஒவ்வொரு முறையும் டிரெய்லர் முழு பலத்தில் பிடித்தால் பாதி வழியில் டிரம் புகையும். காசு மிச்சம் என்று நேரக்கணக்கு வகையை வாங்கி வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான்.

கெயின் எத்தனையில் வைக்க வேண்டும்? நண்பர் 6 வைத்திருக்கிறார்.

நண்பரின் 6 அவருக்கு. கெயின் என்பது டிரெய்லர் பிரேக்குக்கு எவ்வளவு கரண்ட் வரை போகலாம் என்று கன்ட்ரோலரில் நீங்கள் வைக்கும் எண். உங்கள் வண்டி, உங்கள் டிரெய்லர், அன்றைய சுமை, அன்றைய ரோடு எல்லாம் சேர்ந்துதான் அது முடிவாகும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இதற்குத் தேவையான நேரான, சமமான ரோடு கிடைப்பது கஷ்டம். மேட்டுப்பாளையம் பக்கமோ வத்தலக்குண்டு பக்கமோ ஆள் நடமாட்டம் இல்லாத காலை நேரத்தில் செய்துவிடுங்கள்.

சுமை ஏற்றியே செய்யுங்கள். காலி டிரெய்லரில் வைத்த எண் சுமையோடு உதவாது. முதலில் நாலைந்து முறை லேசாகப் பிரேக் பிடித்து டிரம்மைக் கொஞ்சம் சூடாக்குங்கள், ஜில்லென்ற பிரேக் பொய் சொல்லும். அப்புறம் 40 கி.மீ. வேகத்தில் போய், கால் பிரேக்கைத் தொடாமல், டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வைக்கும் கன்ட்ரோலரின் கை லீவரை முழுக்கத் தள்ளுங்கள். டிரெய்லர் உங்களைப் பின்னால் இருந்து நன்றாகப் பிடித்து இழுக்க வேண்டும், ஆனால் சக்கரம் உருளாமல் தேய்ந்து போகக் கூடாது. இழுப்பு போதவில்லை என்றால் கெயினைக் கொஞ்சம் கூட்டுங்கள். சக்கரம் லாக் ஆனால் குறையுங்கள். லாக் ஆவதற்குச் சற்றுக் கீழே இருக்கும் எண்தான் உங்களுடையது. கூட ஒரு ஆள் ரோட்டோரம் நின்று சக்கரத்தைப் பார்த்துச் சொன்னால் வேலை சுலபம். உள்ளே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு லாக் ஆவது எப்போதும் தெரியாது.

கடைசியில் கால் பிரேக்கில் சோதியுங்கள். டிரெய்லர் முட்டவும் கூடாது, பின்னால் இழுக்கவும் கூடாது. பின்னால் எதுவுமே இல்லாத மாதிரி வண்டி நின்றால் சரி.

கெயினை 10 வரை வைத்தும் பிடிக்கவே இல்லை. கன்ட்ரோலர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கன்ட்ரோலரைக் கழற்றுவதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டால் காந்தம் என்ன இழுத்தும் பயனில்லை. பின்தட்டில் உள்ள துளை வழியாக அட்ஜஸ்டர் பல்லைத் திருப்பி, சக்கரம் நன்றாக இறுகும் வரை கொண்டுபோய், பிறகு லேசான உரசல் சத்தத்தோடு சுற்றும் அளவுக்குத் தளர்த்த வேண்டும். புது ஷூ போட்டால் முதல் 300 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, அதற்குப் பிறகு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கம். மலையிலேயே ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம் பாருங்கள்.

ஷூ சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஒயர். டெயில் லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒயரிலேயே பிரேக்கையும் ஓட்டிவிடுகிறார்கள். 12 ஆம்பியர் போகும்போது பாதி வோல்டேஜ் வழியிலேயே போய்விடும். லீவரை முழுக்கத் தள்ளிக்கொண்டு காந்தத்தின் ஒயரில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் வரவேண்டும். இரண்டு மூன்று வோல்ட் குறைந்தால் ஒயரையும் எர்த்தையும் பிளக் பின்னையும் மாற்றுங்கள். எங்கள் ஊர் மேகமூட்டத்துக்குப் பிளக் பின்னில் பச்சை பூக்க ஒரு மழைக்காலம் போதும்.

சமவெளியில் அருமையாக இருந்தது. குன்னூர் மலை ரோட்டில் பர்லியாறு தாண்டியதும் வெடுக் வெடுக்கென்று பிடிக்கிறது. ஏன்?

எலெக்ட்ரிக் டிரம் பிரேக்கின் குணம் அது. வேகம் குறையக் குறையக் கடிப்பு கூடும். 40-இல் மெத்தென்று பிடித்த அதே கெயின், கொண்டை ஊசி வளைவில் 15-இல் போகும்போது கவ்வும். சென்சார் வகையிலும் ஊசல் வைத்த பழைய மாடல் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. வண்டி மூக்கைக் கவிழ்த்து இறங்கும்போது உள்ளே இருக்கும் ஊசல் முன்னால் சாய்ந்துவிடும், நீங்கள் பலமாகப் பிரேக் பிடிப்பதாக அது நினைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் இதற்கு நேர்மாறு, பிடி குறையும்.

அப்படியானால் இறக்கத்தில் கெயினைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?

இறக்கம் என்றாலே கூட்ட வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் சொல்வது, அடிவாரத்தில் கண்டுபிடித்த எண்ணில் இருந்து ஓரிரு படி குறைத்துக்கொண்டு இறங்குங்கள். பூஸ்ட் என்று ஒரு பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மிதித்த உடனேயே டிரெய்லரைப் பலமாகப் பிடிக்க வைக்கும். காரைவிடக் கனமான டிரெய்லரை நேர்ரோட்டில் நிறுத்த அது உதவும். வளைவில் டிரெய்லர் சக்கரம் லாக் ஆனால் பின்பக்கம் வெளியே வழுக்கும், வெளியே என்றால் இங்கே பள்ளம்.

குறைத்த பிறகும் முதல் இரண்டு மூன்று வளைவுகளில் கவனியுங்கள். டிரெய்லர் முட்டுவது கொக்கியில் 'டக்' என்று தெரியும். முட்டினால் அரைப் படி ஏற்றுங்கள்.

ஆனால் ஒன்று. வேகத்தைப் பிடித்து வைக்கிற வேலையைக் கெயினிடம் கொடுக்காதீர்கள். அது கியரின் வேலை. கியர் தாங்கி வரும் வண்டியை இன்னும் கொஞ்சம் குறைக்கவும், தேவைப்பட்டால் நிறுத்தவும்தான் பிரேக்.

எந்தக் கியர்?

போலீஸ் போர்டில் எழுதியிருப்பது போல இரண்டாவது கியர். டிரெய்லரோடு செங்குத்தான இடத்தில் முதல் கியர்கூட வேண்டியிருக்கும். இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள், வேகம் ஏறிய பிறகு கியர் மாற்றப் போனால் நடுவில் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவல் மோடில் போட்டுப் பிடித்து வையுங்கள்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கியரில் கால் எடுத்து இறங்கும்போது எரிபொருள் வெட்டுப்பட்டுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரிகிறது. ஆகவே மிச்சமும் கிடையாது.

எஞ்சின் தாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீங்கள் பிரேக்கைத் தொடாதவரை கன்ட்ரோலர் சும்மா இருக்கும். கார் கியரில் அடங்கி வரும், டிரெய்லர் மட்டும் காரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நேரான இடத்தில் கை லீவரை லேசாக ஒரு நொடி இரு நொடி தொட்டு விட்டால் கொக்கி இறுகி எல்லாம் ஒரே கோட்டில் வரும். அதையே பிடித்துக்கொண்டு வராதீர்கள். கால் பிரேக்கும் அப்படித்தான். 30-இல் இருந்து 20-க்கு ஒரே அழுத்தாக அழுத்திக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். காலை வைத்தபடியே இறங்குவதுதான் டிரம்மைக் கொல்லும். இந்தக் குறைக்கும் வேலை வளைவுக்கு முன்னாலேயே முடிய வேண்டும்.

ஓவர்ரன் பிரேக் வைத்த டிரெய்லர் மலைக்குச் சரிப்படுமா?

எனக்குப் பிடிக்காது. அது முட்டினால் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் முட்டிக்கொண்டேதான் வரும், அதனால் பிரேக் உரசிக்கொண்டே வரும். நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கியரில் இறங்கினாலும் அதன் டிரம் சூடாவதைத் தடுக்க முடியாது. இதை வைத்து வந்துவிட்டால் அடிக்கடி நிறுத்தி ஆறவிடுவது தவிர வழியில்லை. பின்னால் எடுக்கும்போதும் அது பிரேக் என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸ் லாக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கருகிய வாசம் வருகிறது. என்ன செய்வது?

அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். காரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதிக்கிறது என்று அர்த்தம். டாட் 3 என்கிற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிவிட்டால் அந்த அளவு 140-க்கு வந்துவிடும். டாட் 4 புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. எங்கள் ஊர் ஈரக்காற்றில் பழைய ஆயிலோடு இறங்குவது எதில் கொண்டுபோய் விடும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள்.

டிரெய்லரின் எலெக்ட்ரிக் பிரேக்கில் ஆயில் இல்லை, ஆகவே பெடலில் எதுவும் தெரியாது. சூட்டில் டிரம் விரியும், லைனிங் வழுவழுப்பாகும், பிடி மட்டும் சத்தமில்லாமல் குறையும். இறங்கும்போது நடுவில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையை நீட்டிச் சூட்டைப் பாருங்கள். தொடாதீர்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால் அதன் ஷூ இறுக்கமாக இருக்கிறது. ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது வேலையே செய்யவில்லை.

சுடுகிற டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து வைக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

மழை, பனி?

கெயினை இன்னும் குறையுங்கள். டிசம்பர், ஜனவரி விடிகாலையில் ஊட்டியை அடுத்த தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும், அப்போது வெயில் ஏறும் வரை கிளம்பாமல் இருப்பதே நல்லது.

டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடினால்?

கால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கை லீவரை மட்டும் மெதுவாகத் தள்ளுங்கள். டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகிவிடும். இந்த ஒரு காரியத்துக்காகவே லீவர் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டாஷ்போர்டின் மூலையில் மாட்டி அழகு பார்ப்பவர்களுக்கு நான் மாற்றி மாட்டிக் கொடுக்கிறேன்.

அடிக்கடி ஆடுகிறது என்றால் சுமை பின்னால் இருக்கிறது. கனமான சாமானை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்தினால் நல்லது. கார் புத்தகத்தில் கொக்கிக்கு அதைவிடக் குறைந்த வரம்பு போட்டிருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

ஏற்றத்தில் நிறுத்த வேண்டி வந்தால் டிரெய்லர் பிரேக் பிடித்து நிற்குமா?

முழுதாக நம்பாதீர்கள். எலெக்ட்ரிக் பிரேக்கின் நெம்பு முன்னோக்கிச் சுற்றும் டிரம்முக்காகச் செய்தது, பின்னால் உருளும்போது பிடி குறைவு. லீவரைத் தள்ளியபடியே நிற்பதும் பேட்டரியைத் தின்னும், காந்தத்தைச் சூடாக்கும். சக்கரக் கட்டை இரண்டு வண்டியிலேயே வைத்திருங்கள். கட்டை இல்லாமல் கல் வைத்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். நடு ரோட்டில் விட்ட கல்லில் ராத்திரி பைக்காரர் விழுகிறார்.

பிரேக்அவே சுவிட்ச் என்கிறார்களே, அது அவசியமா?

அவசியம். டிரெய்லர் கழன்றால் ஒரு பின் உருவப்பட்டு, டிரெய்லரிலேயே இருக்கும் சின்ன பேட்டரியில் இருந்து பிரேக் முழுக்கப் பிடிக்கும். அந்தப் பின்னை இழுக்கும் கயிற்றைச் சிலர் கொக்கியிலேயே சுற்றிவிடுகிறார்கள். கொக்கி கழன்றால் கயிறும் கூடவே போய்விடும், அப்புறம் எதற்கு? வண்டியின் சேஸிஸில் தனியாக மாட்டுங்கள். கிளம்பும் முன் பின்னை உருவி வண்டியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சக்கரம் பிடித்தால் உடனே பின்னைச் சொருகிவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் முதலில் அந்த பேட்டரியைப் பாருங்கள்.

உயரத்தில் கார் பிரேக் பெடலே கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. பிரமையா?

இல்லை. பெடலை மிதிக்க உதவும் பூஸ்டர் காற்றழுத்த வித்தியாசத்தில் வேலை செய்கிறது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதனால் உதவியும் குறைகிறது. இஞ்சினை அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு அதுவும் இருக்காது. இறக்கத்தில் சாவியைத் தொடாதீர்கள்.

எலெக்ட்ரிக் காரில் இழுத்து வரலாமா?

உங்கள் காரின் புத்தகத்தில் இழுக்க அனுமதி இருந்தால் வரலாம். ஆனால் ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் பிரேக் (வேகம் குறைக்கும்போது மோட்டார் கரண்ட் தயாரித்து பேட்டரிக்கு அனுப்புவது) தரும் கரண்டை ஏற்றுக்கொள்ள இடமில்லை, சுமை முழுவதும் சாதாரண பிரேக்குக்கு வந்துவிடும். 80-க்கு அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். ரீஜென் எஞ்சின் பிரேக்கைவிடப் பலமாகப் பிடிக்கும்போது சில வண்டிகளில் பிரேக் லைட் தானே எரியும். கன்ட்ரோலர் ஒயர் அந்த லைட் சர்க்யூட்டில் இருந்தால் டிரெய்லரும் கூடவே பிடிக்கும். இதை முதலில் சமவெளியில் சோதித்துப் பாருங்கள்.

எந்த வழியாக இறங்கலாம்?

டிரெய்லரோடு என்றால் நான் கோத்தகிரி வழியைத்தான் சொல்வேன். குன்னூர் வழியைவிட வளைவுகள் மிதமானவை. சீசனில் போலீஸே ஏறுவதற்குக் குன்னூர், இறங்குவதற்குக் கோத்தகிரி என்று திருப்பி விடுவார்கள். கல்லட்டி வழியை மறந்துவிடுங்கள். மசினகுடிக்குப் போகும் அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில் டிரெய்லர் இல்லாத வண்டிகளே பிரேக் இழந்து விழுந்திருக்கின்றன, வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. கூடலூர் பக்கம் போக வேண்டியவர்கள் பைக்காரா, நடுவட்டம் வழியாகப் போங்கள். கொடைக்கானலில் இருந்து இறங்குபவர்கள் பழனி ரோட்டைவிட வத்தலக்குண்டு ரோட்டைப் பாருங்கள், பெருமாள்மலையில் இரண்டும் பிரியும். குறுகலான இடத்தில் எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். பின்னால் டிரெய்லர் இருப்பதால் அந்த இடத்தை நூறு மீட்டர் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.